ஓடினால் போதுமா?

வாயைத் திறக்காமலே ஒரு மனிதன் பொய் சொல்ல முடியுமா என்பது பழைய கேள்வி. நீதி நூல்கள் பெரும்பாலும் நாவினால் சொல்லும் பொய்யைப் பற்றியே பேசுகின்றன. கையினால் சொல்லும் பொய்யும் ஒன்று உண்டு. அதில் ஒரு வார்த்தைகூட இராது. ஒரு திருகை அரைச் சுற்றுத் திருப்பிவிட்டால் போதும். உள்ளே கோளாறு இருந்தபடியே இருக்க, வெளியே எல்லாம் சரியாகிவிட்டதுபோல் தோன்றும். திருப்பியவர் தாம் யாரையும் ஏமாற்றியதாக நினைக்கமாட்டார். கூலி கொடுத்தவரும் தாம் ஏமாந்ததாக நினைக்கமாட்டார். அப்படியானால் அங்கே குற்றம் ஒன்று நடந்ததா, இல்லையா?

இந்தக் கேள்வியை ஒரு பழைய மோட்டார் காரை வைத்துக்கொண்டு ஆராயலாம் என்று எண்ணுகிறேன். கதை படிக்க வந்தவர்களிடம் கார்புரேட்டரைப் பற்றிப் பேசுவது அபசாரந்தான். ஆனாலும் ஒரு சௌகரியம் இருக்கிறது. மனிதர்களை உதாரணமாகக் காட்டிப் பேசினால் நாம் உடனே கட்சி சேர்ந்துவிடுகிறோம். இயந்திரத்திடம் நமக்கு உறவும் இல்லை, பகையும் இல்லை. நியாயம் பேசுவதற்கு அது நல்ல இடம்.

1960களில் நம் நாட்டுச் சாலைகளில் ஓடிய சொந்தக் கார்களைப் பெரும்பாலும் மூன்று பெயர்களில் அடக்கிவிடலாம்: அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு. முதல் கார் வங்காளத்து உத்தர்பாராவில் பிறந்தது. 2014 வரையில் பிறந்துகொண்டே இருந்தது. இரண்டாவது, பம்பாய்க்காரர். மூன்றாவது நம் வீட்டுப் பிள்ளை. ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார் செங்கற்பட்டுச் சீமையில், வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை வைத்திருந்தார்கள். 1961-ல் ஹெரால்டு வெளிவந்தது. 1971-ல் அதன் இடத்துக்குக் கெஸல் என்ற கார் வந்தது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்று பெரிதாக ஒன்று செய்து பார்த்தார்கள். 1980களின் இறுதியில் உற்பத்தி நின்றுபோயிற்று. அந்தக் கார்களில் சில இன்னும் யாராவது ஒருவருடைய பிடிவாதத்தால் உயிரோடு இருக்கின்றன.

ஹெரால்டின் எஞ்சின் அளவு 948 கன சென்டிமீட்டர். திருக்குறளில் மருந்து என்ற அதிகாரத்தில், நோயையும் அதன் காரணத்தையும் கண்டுபிடித்த பிறகே வைத்தியத்தில் இறங்கவேண்டும் என்று வள்ளுவர் சொல்லும் குறளின் எண்ணும் 948. இது தற்செயலாக அமைந்த பொருத்தம். ஆனால் பழைய கார் வைத்திருக்கும் எவரும் இதைத் தற்செயல் என்று ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

ஏனென்றால், அந்தத் தலைமுறைக் கார்கள் அனைத்துக்கும் பொதுவாக ஒரு நோய் உண்டு. காலையில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் உடனே கிளம்பிவிடும். சற்று நேரம் நன்றாகவே ஓடும். பிறகு குலுங்கத் தொடங்கும். ஒரு முறை இருமும். காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்தவுடன் அப்படியே அணைந்துபோகும். மறுபடியும் ஸ்டார்ட் செய்தால் மறுபடியும் அதே கதைதான். ஆனால் வேகமாக ஓட்டிக்கொண்டு போனால் ஒரு குறையும் தெரியாது. நாற்பது மைல் வேகத்தில் அது யோக்கியமான கார். சும்மா நிற்கும்போதுதான் அதன் சங்கடம் வெளிப்படும்.

இதற்குக் காரணம் உண்டு. பெட்ரோல் எஞ்சின் செம்மையாக எரிய வேண்டுமானால் எடைக் கணக்கில் ஏறத்தாழ 15 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் வேண்டும். குளிர்ந்திருக்கும் எஞ்சினுக்கு இந்தக் கலவை போதாது. ஆகையால் சோக்கை இழுத்துக் காற்றைக் குறைத்துக் கெட்டியான கலவையைக் கொடுக்கிறோம். சூடேறிய பின் சோக்கை உள்ளே தள்ளிவிடுகிறோம். அதன் பிறகு எஞ்சின் தன் சொந்த பலத்தில் நிற்கவேண்டும். நிமிஷத்துக்கு எழுநூறு, எண்ணூறு சுற்றுகள் சுற்றிக்கொண்டு, வேலை ஏதும் இல்லாமல், அமைதியாகக் காத்திருக்கவேண்டும். இதை நம் ஊர் மெக்கானிக்குகள் 'ஸ்லோ' என்பார்கள். 'ஸ்லோ நிக்கலை' என்றால், அந்த அமைதி எஞ்சினுக்கு வாய்க்கவில்லை என்று பொருள்.

அந்த நேரத்தில் பெட்ரோல் வருவது அரை மில்லிமீட்டர் அளவே உள்ள ஒரு துவாரத்தின் வழியாக. அதில் ஒரு தூசி அடைத்தாலும் போதும். மேலும், ஆக்ஸிலரேட்டரை விட்டவுடன் காற்று வரும் பெரிய வழி ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. எஞ்சினோ தொடர்ந்து உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. அந்த உறிஞ்சலுக்கு, எங்கே ஒரு விரிசல் இருந்தாலும் அதன் வழியே திருட்டுக் காற்று உள்ளே நுழையும், கலவை நீர்த்துப்போகும். வேகமாக ஓடும்போது உள்ளே போகிற காற்று மிக அதிகம். அதில் இந்தத் திருட்டுக் காற்று ஒரு பொருட்டே இல்லை. மெதுவாக நிற்கும்போது அதுவே பெரும் பங்கு. இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2025-ல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 20 சதவிகிதத்தை எட்டியது. எத்தனால் கலந்தால் பழைய கார்புரேட்டரில் கலவை இன்னும் நீர்த்துவிடும்; பழைய ரப்பர் குழாய்களுக்கும் அது ஆகாது.

ஆக, கோளாறு பல இடங்களில் இருக்கலாம்: அடைத்த துவாரம், தேய்ந்த பாயிண்ட், கரி பிடித்த பிளக், விரிந்த குழாய், போய்விட்ட பேக்கிங். எது என்று தெரியவேண்டுமானால் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். இதற்கு நேரம் வேண்டும். நேரம் இல்லாதவர்களுக்கு மூன்று குறுக்கு வழிகள் உண்டு.

முதல் வழி, அந்தத் திருகு. கார்புரேட்டரின் பக்கவாட்டில் உள்ள ஒரு சிறு திருகைக் கொஞ்சம் முடுக்கினால் ஸ்லோ ஏறிவிடும். எண்ணூறு சுற்று ஆயிரத்து இருநூறு ஆகும். எஞ்சின் அணையாது. இரண்டாவது வழி, கைக்குக் கிடைத்த பாகங்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிக்கொண்டே போவது. என்றாவது ஒருநாள் சரியாகும், எதனால் சரியாயிற்று என்பது மட்டும் தெரியாது. மூன்றாவது வழி எல்லாவற்றிலும் சுலபம்: "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிடுவது.

இந்த மூன்று வழிகளையும் கடந்து வந்த ஒரு காரில் நான் ஒருமுறை மாமல்லபுரத்துக்குப் போனேன். என் நண்பருடையது. அவர் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். கார் அவருடைய தகப்பனார் வாங்கியது. கோவளத்தைத் தாண்டி, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் பக்கிங்ஹாம் கால்வாயுமாகச் செல்லும் அந்தச் சாலையில், நெம்மேலியில் தேநீருக்காக நிறுத்தினோம். திரும்பி வந்து ஸ்டார்ட் செய்தபோது எஞ்சின் குலுங்கி நின்றது. நான்கு முறை செய்தார். நான்கு முறையும் நின்றது. ஐந்தாவது முறைக்கு பாட்டரி மறுத்துவிட்டது.

டீக்கடைக்காரர் ஒரு மெக்கானிக்கைக் காட்டினார். கீற்றுக் கொட்டகை. இரண்டு மோட்டார் சைக்கிள்கள், அவற்றின் பக்கத்தில் உப்புப் பூத்த ஒரு படகு எஞ்சின். மெக்கானிக்குக்கு நாற்பது வயது இருக்கும். காரை அங்கே தள்ளிக்கொண்டு போனோம். அவர் பானெட்டைத் தூக்கியவுடன் எதையும் தொடவில்லை. சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்குரு டிரைவரை எடுத்து அந்தத் திருகின்மேல் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஸ்லோவை ஏத்தி ஏத்தி வெச்சிருக்காங்க சார். இனிமே ஏத்தறதுக்குத் திருகுல எடமே இல்லை."

அடுத்து அவர் செய்த காரியம் என் நண்பரைத் திடுக்கிடச் செய்தது. வேறொரு பாட்டரியை வைத்து எஞ்சினைக் கிளப்பி, கையாலேயே உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டு, அந்தத் திருகைப் பின்னோக்கித் திருப்பத் தொடங்கினார். எஞ்சின் மூச்சுத் திணறியது.

"என்ன தம்பி, இன்னும் மோசமாக்குறீங்களே?" என்றார் நண்பர்.

"மோசமாத்தான் சார் ஆகணும். இவ்வளவு நாளா இது வாயைப் பொத்தி வெச்சிருந்தாங்க. இப்பத்தான் பேசுது."

பேசவிட்டுக் கேட்டார். சோப்புத் தண்ணீரில் ஒரு தூரிகையைத் தோய்த்து, கார்புரேட்டரும் எஞ்சினும் சேரும் இடத்தில் தடவினார். தடவியவுடன் எஞ்சினின் குரல் மாறியது. ஒரு கணம் சீராக நின்று, மறுபடியும் குலுங்கிற்று. விரிசலைத் தண்ணீர் அடைத்த அந்த ஒரு கணந்தான் அவருக்குக் கிடைத்த சாட்சி. கார்புரேட்டரைக் கழற்றினார். பேக்கிங் காய்ந்து நொறுங்கியிருந்தது. எப்போதோ யாரோ நட்டுகளை அளவுக்கு மேல் முறுக்கியதால் அடிப்பட்டையும் லேசாக வளைந்திருந்தது. ஒரு கண்ணாடிப் பலகைமேல் உப்புத்தாளை விரித்து, பட்டையை அதில் தேய்த்துச் சமமாக்கினார். பேக்கிங் தாளைப் பட்டையின்மேல் வைத்து, சிறு சுத்தியலால் ஓரமெல்லாம் தட்டித் தட்டியே புதிய பேக்கிங்கை வெட்டி எடுத்தார். அந்தச் சிறு துவாரத்தைக் காற்றடித்துச் சுத்தம் செய்தார். கம்பி விட்டுக் குத்தவில்லை. குத்தினால் துவாரம் பெரிதாகிவிடுமாம். எல்லாம் முடிய இரண்டு மணி நேரம் ஆயிற்று. எஞ்சின் எழுநூறு சுற்றில் நின்றது. என் நண்பர் அந்தச் சத்தத்தைத் தம் தகப்பனார் காலத்துக்குப் பிறகு கேட்டதில்லை என்றார். கேட்ட கூலி 300 ரூபாய்.

புறப்படும்போது நண்பர் கேட்டார்: "பட்டணத்துல ரெண்டு தடவை காட்டினேனே தம்பி. அவங்க என்னை ஏமாத்திட்டாங்களா?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஏமாத்தினாங்கன்னு சொல்ல முடியாது சார். நீங்க என்ன கேட்டீங்க?"

"வண்டி நின்னு போகக்கூடாதுன்னு கேட்டேன்."

"அதைத்தான் செஞ்சு குடுத்திருக்காங்க."

சற்று நேரம் கழித்து அவரே தொடர்ந்தார்: "எனக்குப் பாதி வேலை படகு எஞ்சின் சார். ரோட்டுல நின்னா தள்றதுக்கு நாலு பேர் வருவாங்க. கடல்ல நின்னா யார் வருவாங்க?"

அந்த மனிதர் கொடுத்த தீர்ப்பைப் பற்றி நான் பல நாட்கள் யோசித்திருக்கிறேன். அதில் பாதி உண்மை என்றே எனக்குத் தோன்றுகிறது.

உண்மையான பாதி இது. நாம் கூலி கொடுத்து வாங்குவது நாம் கேட்டதைத்தான். "அணையக்கூடாது" என்று கேட்டவருக்கு அணையாத எஞ்சின் கிடைத்தது. காரணத்தை அவர் கேட்கவில்லை. "காய்ச்சல் நாளைக்குள் இறங்கவேண்டும்" என்று டாக்டரிடம் சொல்கிறோம், இறக்கிக் கொடுக்கிறார். "பையன் எண்பது மார்க் வாங்கவேண்டும்" என்று வாத்தியாரிடம் சொல்கிறோம், வாங்கவைக்கிறார். பையனுக்குக் கணக்கு வந்ததா என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவசரக்காரன் கேட்கும் கேள்வியிலேயே பொய்க்கு இடம் போட்டு வைத்துவிடுகிறான். அப்புறம் தொழிலாளியை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது.

ஆனால் மற்ற பாதியை நான் ஒப்புக்கொள்ளத் தயாரில்லை. தொழில் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் இடையில் ஒரு பள்ளம் இருக்கிறது. திருகை ஏற்றினால் என்ன ஆகும் என்பது திருப்பியவருக்குத் தெரியும். கணக்கு ஆசிரியருக்குத் தெரியாது. பெட்ரோல் வீணாகும்; நெரிசலில் எஞ்சின் கொதிக்கும்; சாவியைத் திருப்பி அணைத்த பின்னும் இரண்டு முறை இருமிவிட்டுத்தான் நிற்கும். உள்ளே புகும் காற்று கலவையை நீர்க்கச் செய்து வால்வுகளைச் சுடும். இவ்வளவையும் அறிந்தவர் வாயை மூடிக்கொண்டு காசை வாங்கிக்கொண்டால், கேட்டதைக் கொடுத்தேன் என்ற சமாதானம் அவரைக் காப்பாற்றாது. தெரிந்தவனுடைய மௌனத்துக்கு எடை அதிகம்.

அப்படியானால் அந்தத் திருகைத் தொடவே கூடாதா? நான் அவ்வளவு கடுமையாகச் சொல்லமாட்டேன். நடுநிசியில் ஒரு கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு வந்த கார் நின்றுபோனால், உப்புத்தாளும் சோப்புத் தண்ணீரும் தேடுகிறவன் மூடன். அங்கே திருகை ஏற்றுவதே தர்மம். வாடகைக்கு வண்டி எடுத்து ஓட்டுகிறவனுக்கு இரண்டு மணி நேரம் என்பது அன்றைய அரிசி. அவனிடம் போய்க் காரண காரியம் பேசுவது வயிறு நிறைந்தவனுடைய நீதி. அவனுக்கும் திருகை ஏற்றித்தான் தரவேண்டும். ஆனால் ஏற்றும்போது ஒரு வார்த்தை சொல்லிவிடவேண்டும்: "இது தற்காலிகம். உள்ளே எங்கேயோ காற்று இழுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டு வா." இந்த வார்த்தையைச் சொன்னால் அந்த அரைச் சுற்று உதவி, சொல்லாவிட்டால் அதே அரைச் சுற்று மோசடி. கை செய்யும் வேலை இரண்டிலும் ஒன்றுதான்.

நான் கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை இவ்வளவே. நோயை அடக்குவது குற்றமில்லை. அடக்கியதைக் குணப்படுத்தியதாகக் காட்டுவதும், காட்டவிடுவதும் குற்றம்.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஒழுக்கத்தை இன்றைய கார்கள் கற்றுக்கொண்டுவிட்டன. அவற்றில் கார்புரேட்டரும் இல்லை, திருகும் இல்லை. ஒரு சிறு கம்ப்யூட்டர், திருட்டுக் காற்று நுழைவதை அறிந்து, தானாகவே பெட்ரோலைக் கூட்டி ஈடுகட்டுகிறது. ஆனால் எவ்வளவு ஈடுகட்டினோம் என்பதைக் குறித்தும் வைத்துக்கொள்கிறது. அளவு மீறினால் ஓட்டுகிறவருக்கு எதிரே ஒரு மஞ்சள் விளக்கை ஏற்றிவிடுகிறது. அடக்குகிறது, அடக்கியதைச் சொல்லியும் விடுகிறது. மனிதர்களாகிய நம்மிடத்தில் அந்த விளக்கு இன்னும் பொருத்தப்படவில்லை.

நெம்மேலி என்ற பெயரைச் சென்னைவாசிகள் அறிந்திருப்பது வேறொரு காரணத்துக்காக. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அங்கே இருக்கிறது. 2013-ல் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கொடுக்கும்படி தொடங்கினார்கள். 2024-ல் பதினைந்து கோடி லிட்டர் கொடுக்கும் இன்னொன்றும் சேர்ந்தது. 2019 கோடையில் பூண்டியும் சோழவரமும் செங்குன்றமும் செம்பரம்பாக்கமும் வறண்டு, குடங்களோடு தெருவில் நின்றவர்களுக்கு அந்தத் தண்ணீரின் அருமை தெரியும். நான் அதைக் குறை சொல்லவில்லை. அது உண்மையான உதவி. ஆயினும் ஆயிரம் லிட்டர் கடல்நீரை நன்னீராக்க ஏறத்தாழ மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். ஏரிக்கு மழை அதைச் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தது. ஏரிகளைத் தூர்த்து வீடு கட்டினோம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுருக்கினோம். குழாயில் தண்ணீர் வருகிறதே என்று அதை மறந்துவிட்டால், நகரமும் தன் திருகை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது என்றுதான் சொல்லவேண்டும். திருகிலும் ஒருநாள் இடம் தீர்ந்துபோகும்.

அந்த மூன்று குறுக்கு வழிகளில் கடைசி வழியைப் பற்றி இன்னும் பேசவில்லை. "பழசு, அப்படித்தான் இருக்கும்." இது எனக்கு மற்ற இரண்டையும்விடக் கொடியதாகப் படுகிறது. இதைக் காருக்குச் சொன்னால் ஒரு கார் கெடும். ஆனால் நாம் இதை வீட்டிலும் சொல்கிறோம். தலை சுற்றுகிறது என்கிறாள் பாட்டி. "வயசாச்சுல்ல, அப்படித்தான்" என்கிறோம். இராத்திரி தூக்கம் வரவில்லை என்கிறார் தாத்தா. அதற்கும் வயசுதான் பதில். ஒருவேளை பாட்டிக்கு இரத்தசோகை இருக்கலாம், மாத்திரையில் தீர்ந்துவிடும். தாத்தாவுக்கு யாரிடமாவது அரைமணி நேரம் பேசவேண்டும் என்றிருக்கலாம். அதற்கு மாத்திரைகூட வேண்டாம். வயது என்பது எல்லாவற்றையும் விளக்கிவிடுகிற விடை. ஆகையால் எதையும் தேடவிடாத விடை. ஐம்பது வருஷத்துக் காரில் கெட்டுப்போயிருந்தது ஒரு துண்டுத் தாள். மற்ற ஐம்பது வருஷமும் நன்றாகவே இருந்தது.

காரணத்தைத் தேடுகிறவன் கொஞ்ச நேரத்துக்காவது நிலைமையை மோசமாக்க வேண்டியிருக்கிறது. ஏற்றிவைத்த திருகை இறக்கவேண்டும். திணறலைக் காது கொடுத்துக் கேட்கவேண்டும். இதைப் பொறுக்கும் மனம் மெக்கானிக்குக்கு மட்டும் இருந்தால் போதாது; வண்டிக்கு உடையவருக்கும் இருக்கவேண்டும். கொட்டகை வாசலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க நாம் சம்மதிக்காதவரையில், நமக்கு அரைச் சுற்றுதான் கிடைக்கும்.

ஆகவே, அடுத்த முறை யாராவது ஒருவர் எதையாவது சரி செய்து நம் கையில் கொடுக்கும்போது, அது வண்டியானாலும் சரி, உடம்பானாலும் சரி, ஊரானாலும் சரி, 'ஓடுமா?' என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். 'என்ன கெட்டிருந்தது?' என்றும் கேட்போம். பதில் சொல்லத் தெரிந்தவருக்கு அந்தக் கேள்வி ஒரு மரியாதை. தெரியாதவர் அன்று முதல் தேடத் தொடங்கினாலும் தொடங்குவார்.